ஆயர்கள் தொடுத்த வழக்கு

1981 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. பள்ளிகளில் பரிணாமக் கொள்கைக்கு ஈடாகப் ‘படைப்பு அறிவியல்’ என்ற ஒன்றையும் கற்பிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் இயற்றிய சட்டத்தை எதிர்த்த வழக்கு அது. வாதிகளின் பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் திகைத்துத்தான் போவார்கள். மெதடிஸ்ட் ஆயர், எபிஸ்கோபல் ஆயர், ரோமன் கத்தோலிக்க ஆயர், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையின் ஆயர், பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் தலைமைப் பொறுப்பாளர், தென் பாப்டிஸ்ட் போதகர். இவர்களோடு யூத சமய அமைப்புகள். தனிநபர் வாதிகளில் உயிரியல் ஆசிரியர் ஒரே ஒருவர்தான். ‘மக்லீன் எதிர் ஆர்கன்சா கல்வி வாரியம்’ என்று அந்த வழக்குக்குப் பெயர் தந்த மக்லீனும் ஒரு போதகரே.

மதம் ஒரு பக்கம், டார்வின் எதிர்ப்பக்கம் என்ற சித்திரம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆயர் வில்பர்ஃபோர்ஸும் டார்வினின் ஆதரவாளர் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டது, 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்றது என இரண்டு காட்சிகளே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இரண்டும் நடந்தவைதான். ஆனால், ஆர்கன்சா வழக்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தச் சண்டையின் பெரும்பகுதி நம்பிக்கையாளர்களுக்கு உள்ளேயே நடந்திருக்கிறது என்பது தெரியவரும். பரிணாமத்துக்காகக் குரல் கொடுத்த சமயத் தலைவர்கள் அறிவியலுக்குச் சலுகை காட்டியதாக நான் நினைக்கவில்லை. தங்கள் சமயம் பொய்யின் மேல் நிற்கக் கூடாது என்று அவர்கள் கருதினார்கள். அந்தக் கவலையின் குரல் நம் நாட்டின் மடங்களிலும் ஆலயங்களிலும் மசூதிகளிலும் இன்று கேட்டாக வேண்டும் என்பதே என் வாதம்.

ஆர்கன்சா சட்டம் என்ன சொன்னது என்பதைப் பார்த்துவிடுவோம். பேரண்டமும் உயிரும் ஒன்றுமில்லாததிலிருந்து திடீரென்று படைக்கப்பட்டன. மனிதனுக்கும் குரங்குக்கும் முன்னோர் வேறு வேறு. நிலவியல் அடுக்குகளை உலகம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளத்தால் விளக்கலாம். பூமி தோன்றி அதிக காலம் ஆகவில்லை. இவற்றையெல்லாம் ‘அறிவியல்’ என்று வரையறுத்து, பரிணாமத்துக்குச் சமமாக வகுப்பறையில் வைக்கச் சொன்னது. நோவாவின் பெயரை எழுதவில்லை. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் பெயரை எழுதவில்லை. சமயத்தைப் பள்ளியில் கற்பிக்க அமெரிக்க அரசியல் சாசனம் இடம் தராது என்பதால், கடவுளின் பெயரை அழித்துவிட்டுக் கதையை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

ஆயர்களைக் கோபப்படுத்தியது இந்த அழிப்புதான். டிசம்பர் 7-ஆம் தேதி லிட்டில் ராக் நகரில் விசாரணை தொடங்கியது. வாதிகள் தரப்பில் ஸ்டீபன் ஜே கூல்டு போன்ற அறிவியலாளர்களோடு இறையியலாளர்களும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். சிகாகோ பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் லாங்டன் கில்கி அவர்களில் ஒருவர். சட்டம் குறிப்பிடும் படைப்பாளர் சமயத்தின் கடவுளாக இருக்க வேண்டியதில்லை, வெறுமனே ஓர் அறிவியல் கருதுகோள்தான் என்று அரசுத் தரப்பு வாதாடியது. கில்கி அதை மறுத்த விதம் இன்றைக்கும் வியக்க வைக்கிறது. ஒன்றுமில்லாததிலிருந்து உலகத்தைப் படைத்த ஒருவரைப் பற்றிப் பேசினாலே அது கடவுளைப் பற்றிய பேச்சுதான் என்றார். உலகத்தைப் படைத்தவர் வேறு, மனிதர்கள் வணங்கும் அன்பான கடவுள் வேறு என்று பிரிப்பது, தொடக்க நூற்றாண்டுகளிலேயே திருச்சபை தவறான போதனை என்று தள்ளிவைத்த கருத்து என்பதையும் நினைவூட்டினார். பைபிளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சட்டம் இயற்றியவர்கள், தங்கள் சமயமே நிராகரித்த ஒரு கோட்பாட்டில் போய் விழுந்திருக்கிறார்கள். இதை ஓர் உயிரியலாளர் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சமயத்தின் வரலாறு முழுவதையும் படித்த ஒருவரால்தான் சொல்ல முடியும்.

அந்த வழக்கில் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்க, அரசுத் தரப்புச் சாட்சியாக அழைக்கப்பட்டார். உயிர் வால்மீன்கள் வழியாகப் பூமிக்கு வந்தது என்ற கருத்தை ஃபிரெட் ஹாயிலுடன் சேர்ந்து முன்வைத்தவர். டார்வினியத்தைக் கடுமையாக விமர்சித்தவர். குறுக்கு விசாரணையில் அவரிடம் உலகளாவிய வெள்ளத்தைப் பற்றியும் பூமியின் வயதைப் பற்றியும் கேட்டார்கள். பூமியின் நிலவியலை ஒரே வெள்ளத்தால் விளக்கலாம் என்றோ, பூமியின் வயது பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு என்றோ பகுத்தறிவுள்ள எந்த அறிவியலாளரும் நம்ப மாட்டார் என்று பதில் சொன்னார். இவரை எதற்காக அரசுத் தரப்பு அழைத்தது என்றே விளங்கவில்லை என்று நீதிபதி வில்லியம் ஓவர்டன் தன் தீர்ப்பில் எழுதினார். பரிணாமத்தில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால் படைப்புவாதம் தானாக நிரூபணமாகிவிடும் என்ற நினைப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை அந்தச் சாட்சியமே காட்டிவிட்டது.

1982 ஜனவரி 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லாது. அறிவியல் என்றால் இயற்கை விதிகளால் வழிநடத்தப்பட வேண்டும், அவற்றைக் கொண்டே விளக்க வேண்டும், சோதிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், அதன் முடிவுகள் திருத்தத்துக்கு உட்பட்டவையாகவும் தவறென்று காட்ட வாய்ப்புள்ளவையாகவும் இருக்க வேண்டும் என்று ஓவர்டன் வரையறுத்தார். படைப்பு அறிவியல் இவற்றில் எதற்கும் பொருந்தவில்லை. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

இந்தச் சமயத் தலைவர்களுக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு. ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பர் 24-இல் வெளிவந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே முன்பிரதியைப் படித்துவிட்டு டார்வினுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியவர் சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியாகப் படைக்கும் கடவுளைவிட, தாமாகவே வளர்ந்து பல்கும் ஆற்றலை உயிர்களுக்குத் தந்த கடவுள் எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை என்பது அவர் கருத்து. இரண்டாம் பதிப்பில் டார்வின் அந்தக் கருத்தை, கிங்ஸ்லியின் பெயரைச் சொல்லாமல், நன்றியோடு சேர்த்துக்கொண்டார். ஃபிரெடரிக் டெம்பிள் 1884-இல் ஆக்ஸ்ஃபோர்டு சொற்பொழிவுகளில் பரிணாமத்தை ஏற்றுப் பேசினார்; பிற்பாடு அவர்தான் கேன்டர்பரியின் பேராயர் ஆனார். அமெரிக்காவில் டார்வினின் முதன்மை ஆதரவாளராக இருந்த தாவரவியலாளர் ஆசா கிரே ஆழ்ந்த பக்தியுள்ள பிரெஸ்பிட்டேரியன். மரபியலுக்கு அடித்தளம் இட்ட கிரெகோர் மெண்டல் அகஸ்டீனிய மடத்தின் துறவி என்பது நாம் அறிந்ததே.

எல்லாருக்கும் வழி இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர், குருவானவர் ஜான் சாம், பரிணாமமும் கத்தோலிக்கக் கோட்பாடும் ஒன்றுக்கொன்று முரணில்லை என்று 1896-இல் ஒரு நூல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் ரோம் அதைத் தடை செய்ய முடிவெடுத்தது. சாம் பணிந்துபோனதால் ஆணை வெளியிடப்படாமல் நின்றது. அவர் அந்தப் பொருளைப் பற்றி எழுதுவதையே விட்டுவிட்டார். யேசு சபைத் துறவியும் தொல்லுயிரியலாளருமான தெயார் த ஷார்தான் கதை இன்னும் துயரமானது. ஆதிப் பாவத்தைப் பரிணாமத்தின் வெளிச்சத்தில் மறுபடி யோசித்து அவர் எழுதிய ஒரு குறிப்பு மேலிடத்தின் கையில் சிக்கியது. பாரிஸில் கற்பிக்கும் வேலை போயிற்று. சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயும் ஓயவில்லை, பீகிங் மனிதன் எச்சங்களைப் பற்றிய ஆய்வில் பங்கெடுத்தார். எழுதிக்கொண்டே இருந்தார், ஆனால் அவருடைய முக்கிய நூல்களை வெளியிடத் திருச்சபை அனுமதி தரவில்லை. 1955-இல் ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கில் இறந்தார். அவருடைய பெரிய நூல் அதே ஆண்டில்தான் அச்சேறியது. 1962-இல்கூட அவர் எழுத்துகளைப் பற்றி வாத்திகன் எச்சரிக்கை விடுத்தது.

அதே வாத்திகன் 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடலில், மனித உடல் முன்பிருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்திருக்கலாமா என்று ஆராயக் கதவைச் சற்றே திறந்தது. ஆன்மா மட்டும் கடவுளிடமிருந்து நேரடியாக வருகிறது என்ற நிபந்தனையோடு. 1996 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் இனி வெறும் கருதுகோள் இல்லை, அதற்கு மேற்பட்டது என்று வாத்திகன் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 2014-இல் போப் பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் பிடித்த வித்தைக்காரராக எண்ண வேண்டாம் என்றார். சாமுக்கும் தெயாருக்கும் இழைக்கப்பட்டதை இந்தச் சொற்கள் ஈடுசெய்துவிடாது. ஒரு நிறுவனம் நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொண்டது, அந்தத் திருத்தத்துக்கான விலையைத் தனிமனிதர்கள் கொடுத்தார்கள் என்பதைத்தான் இந்த வரலாறு சொல்கிறது.

திருத்தமும் ஒரே நேர்க்கோட்டில் போகவில்லை. 2005 ஜூலையில் வியன்னாவின் கர்தினால் ஷோன்போர்ன், வழிகாட்டல் ஏதுமற்ற தற்செயல் மாறுபாடும் இயற்கைத் தேர்வும் மட்டுமே என்ற பொருளில் புதிய டார்வினியம் உண்மையாக இருக்க முடியாது என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். அவருக்கு உடனே மறுப்பு எழுதியவர்களில் வாத்திகன் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த யேசு சபைத் துறவி ஜார்ஜ் கோயின் முக்கியமானவர். கர்தினாலை எதிர்த்து ஒரு துறவி வெளிப்படையாக வாதாடும் அளவுக்கு நிலைமை மாறியிருந்தது.

அதே காலகட்டத்தில், விஸ்கான்சின் மாநிலத்தில் கிரான்ட்ஸ்பர்க் என்ற சிற்றூரின் பள்ளி வாரியம் பரிணாமத்துக்கு மாற்றுகளையும் கற்பிக்கும் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. உயிரியலாளர் மைக்கேல் சிம்மர்மன் முயற்சியால் அந்த மாநிலத்தின் கிட்டத்தட்ட 200 குருமார்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். வாரியம் பின்வாங்கியது. நாடு முழுவதும் விரிந்த அந்தக் கடிதத்தில் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவக் குருமார்கள் கையெழுத்திட்டார்கள். ரபிகளுக்கும் இமாம்களுக்கும் தனித்தனிக் கடிதங்கள் உருவாயின. 2006 பிப்ரவரி 12, டார்வின் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் வழிபாட்டில் பரிணாமத்தைப் பற்றிப் பேசின. அது ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாகிவிட்டது.

இந்த முயற்சிகளை விரும்பாத அறிவியலாளர்களும் இருக்கிறார்கள். பரிணாமவியலாளர் ஜெர்ரி கோயின் நீண்ட காலமாக இதை எதிர்த்து எழுதிவருகிறார்: சான்றுகளால் உறுதிப்பட்ட ஒன்றுக்குச் சமயத்தின் சான்றிதழ் எதற்கு? அவர் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். பரிணாமம் உண்மை என்பது பாறைப் படிவங்களாலும் மரபணுக்களாலும் நிறுவப்பட்டது. எத்தனை ஆயர்கள் கையெழுத்திட்டாலும் அதில் எதுவும் கூடப்போவதில்லை. ஆனால், 1982 முதல் நடந்துவரும் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில், கடவுள் மனிதனைப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் இன்றைய உருவிலேயே படைத்தார் என்று சொல்லும் அமெரிக்கர்கள் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேராகவே இருந்துவருகிறார்கள். அப்படி நம்பும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளையிடம், பாடத்தை ஏற்றால் தாய் தந்தையின் நம்பிக்கையை விட்டுவிட வேண்டும் என்று ஆசிரியரே நிபந்தனை விதித்தால், அந்தப் பிள்ளை பாடத்தைத்தான் விடும். அந்த நிபந்தனையே தேவையில்லை என்று அந்தப் பிள்ளைக்கு நம்பும்படி சொல்லக் கூடியவர் அதன் குருவானவர்தான்.

2005-இல் பென்சில்வேனியாவின் டோவரில், பள்ளியில் பரிணாமம் கற்பிப்பது பற்றி நடந்த வழக்கில் சாட்சி சொன்ன கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹாட் இதற்கு எளிய உதாரணம் ஒன்று தந்தார். அடுப்பில் தண்ணீர் ஏன் கொதிக்கிறது? வெப்பத்தால் மூலக்கூறுகள் வேகமாக அசைவதால் என்று சொல்லலாம். எனக்குத் தேநீர் வேண்டும் என்பதால் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை; ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்காது. இயற்பியல் வகுப்பில் ‘எனக்குத் தேநீர் வேண்டும்’ என்று விடை எழுதினால் மட்டும்தான் சிக்கல்.

இதோடு நிறுத்திக்கொண்டால் சமயத் தலைவர்கள் பாதி வேலையைத்தான் செய்தவர்களாவார்கள். டார்வின் 1860-இல் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்னும் குளவிகளைக் குறிப்பிட்டு, கருணையுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று வருந்தினார். இதுவரை பூமியில் வாழ்ந்த இனங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. நம்மை உருவாக்கிய வழி நெடுகிலும் பசியும் நோயும் சாவும் இருக்கின்றன. பரிணாமத்தை ஏற்கும் சமயம் இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்தாக வேண்டும். பரிணாமத்தை ஏற்றுக் கையெழுத்திடுவது ஒரு நாள் வேலை. துன்பத்தைப் பற்றித் தன் இறையியலை அதற்குப் பிறகு மாற்றி எழுதுவது ஒரு தலைமுறையின் வேலை. தெயார் செய்ய முயன்றது அதைத்தான். அதனால்தான் அவரைக் கண்டு ரோம் அஞ்சியது.

பிற சமயங்களிலும் இந்த முயற்சி நடக்காமல் இல்லை. அறிவியல் ஒன்றை உறுதியாக நிறுவி, அது பௌத்தக் கருத்தோடு முரண்பட்டால், பௌத்தம் தன் கருத்தைக் கைவிட வேண்டும் என்று தலாய் லாமா 2005-இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அதே நூலில், இயற்கைத் தேர்வில் தற்செயலுக்குத் தரப்படும் இடத்தைப் பற்றித் தனக்குள்ள தயக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் பேச்சோடு நிறுத்தவும் இல்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, கர்நாடகத்தில் உள்ள திபெத்திய மடங்களின் துறவிகளுக்கு இயற்பியலும் உயிரியலும் நரம்பியலும் கற்பிக்கப்படுகின்றன. பரிணாமமும் அதில் அடக்கம். லண்டனில் லெய்டன் மசூதியைச் சேர்ந்த உசாமா ஹசன், இஸ்லாமும் பரிணாமமும் ஒத்துப்போகும் என்று பேசியதற்காக 2011-இல் கொலை மிரட்டல்களைச் சந்தித்தார். தன் கருத்துகள் சிலவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விஸ்கான்சின் போதகருக்கு ஒரு கையெழுத்தோடு முடிந்த காரியம், இவரிடம் உயிரையே பணயமாகக் கேட்டது.

நம் ஊரில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தசாவதாரம் உடனே வந்துவிடும். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், வாமனன், பிறகு முழு மனிதன். டார்வினுக்கு முன்பே நாம் இதைச் சொல்லிவிட்டோம் என்பார்கள். ஒற்றுமை கண்ணுக்கு இனிமையாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால், இது இணக்கம் இல்லை. பரிணாமம் என்பது கீழிருந்து மேலே, மீனிலிருந்து மனிதனை நோக்கி ஏறும் ஒரே வரிசை இல்லை. ஒரு பொது முன்னோரிடமிருந்து பல திசைகளில் கிளைத்த வரலாறு அது. இன்றைய மீனும் நம்மைப் போலவே அத்தனை கோடி ஆண்டுகள் மாறி வந்ததுதான். அதைவிட முக்கியமாக, டார்வினின் கண்டுபிடிப்பு உயிர்கள் மாறுகின்றன என்பதோடு நிற்கவில்லை. அவை எப்படி மாறுகின்றன, எந்தப் பொறிமுறையால் மாறுகின்றன என்பதுதான் அதன் உயிர். அவதாரக் கதை அதைச் சொல்ல வரவில்லை. அறம் குன்றும்போது இறைவன் இறங்கி வருவதைச் சொல்ல வந்தது. அதை உயிரியல் பாடமாக்குகிறவர்கள் கதையின் பொருளையும் குறைத்துவிடுகிறார்கள், அறிவியலையும் தப்பாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆர்கன்சா சட்டசபை ஆதியாகமத்துக்குச் செய்த அநீதி இது.

2018 ஜனவரியில் ஒன்றிய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றும் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது. ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் ‘மரபு’ என்று சுருங்கியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். 12-ஆம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் சொல்லப்பட்டது. 10-ஆம் வகுப்புக்குப் பிறகு உயிரியலை எடுப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். வணிகவியலுக்கும் கணினிக்கும் போகிற பிள்ளை, நாம் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அறிவியல் தரும் விடையைப் பள்ளியில் ஒரு முறைகூடக் கேட்காமல் வெளியேறிவிடும்.

அறிவியலாளர்களின் அந்தக் கடிதத்தோடு சேர்ந்து ஆதீனகர்த்தர்களின் கடிதம் ஒன்றும், ஆயர்களின் கடிதம் ஒன்றும், உலமாக்களின் கடிதம் ஒன்றும் டெல்லிக்குப் போயிருக்க வேண்டும். இனியும் போகலாம். அதற்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் எத்தனையோ பள்ளிகளை நடத்துபவர்கள் மறைமாவட்டங்களும் மடங்களும் இஸ்லாமிய அறக்கட்டளைகளும்தான். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் 10-ஆம் வகுப்பு நூலில் பரிணாமத்துக்குத் தனிப் பாடம் இருக்கிறது. அதைத் தேர்வுக்கு முன் அவசரமாகத் தாண்டிப் போகாமல், முழுமையாக நடத்தும்படி தாளாளர் சொல்லலாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில், நீக்கப்பட்ட பகுதியைத் தேர்வுக்கு வராது என்று தெரிந்தே நான்கைந்து பாடவேளைகளில் நடத்த ஆசிரியருக்கு அனுமதி தரலாம். அந்த வகுப்பின் முதல் நாளில் பள்ளியின் குருவானவரோ சுவாமியோ மௌலவியோ பத்து நிமிடம் வந்து, இதைப் படிப்பதால் உங்கள் பிரார்த்தனைக்கு ஒரு குறையும் வராது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.